ரோபோவின் இடது கை

டெலானிபூர், போர்ட் பிளேர்
9.3.2024

அன்புள்ள சங்கவிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் அத்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். டியூட்டிக்குப் போகிறேன், வருகிறேன், அவ்வளவுதான்.

நான் கூப்பிடும்போதெல்லாம் நீ போனை எடுப்பதில்லை. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உன் அண்ணன் லீவு நாளில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. யாரோடும் பேச உனக்கு மனம் வராமல் இருக்கலாம். கடிதம் என்றால் பிடித்தபோது பிரித்துப் படித்துக்கொள்ளலாம்.

கோஸ்ட் கார்டு பத்து நாள் தேடிவிட்டு நிறுத்திவிட்டார்கள். டிங்கிப் படகில் கூடப் போன அழகர்சாமி அண்ணன் நாலாம் நாளே சிடியாடாப்பு பக்கம் கரை ஒதுங்கிவிட்டார். அவர் வீட்டில் காரியம்கூட முடித்துவிட்டார்கள். நமக்குத்தான் அழவும் முடியவில்லை, அழாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் கேட்க வந்தது வேறு. ஜன்னலோர மேஜையில் உன் அண்ணன் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ரோபோ அப்படியே நிற்கிறது. ஒரு சாண் உயரம்தான். தலை, உடம்பு, வலது கை, வலது கால் எல்லாம் முடித்து வைத்திருக்கிறார். இடது கை பாதி நீலம், பாதி வெறும் பிளாஸ்டிக். இடது காலும் முதுகில் மாட்டும் பெட்டியும் இன்னும் பிளாஸ்டிக் சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒற்றைக் காலோடு ஸ்டாண்டில் தொங்குவதைப் பார்க்க முடியவில்லை. எடுத்து உள்ளே வைக்கவும் கை வரவில்லை.

இதை நான் முடிக்க வேண்டும், சங்கவி. எனக்கு ஒன்றும் தெரியாது. கோலப்பொடியைத் தவிர வேறு நிறத்தைக் கையில் எடுத்ததில்லை. அவருக்கு முதல் ரோபோப் பெட்டியை வாங்கி அனுப்பி, இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தது நீதான். எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அத்தையைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
நளினி

*

மதுரை
2.4.2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் அம்மாவும் இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து கையால் முறிக்காதீர்கள். அண்ணன் டிராயரில் சிவப்புப் பிடி போட்ட சின்ன கட்டர் இருக்கும். ஒட்ட ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துவிடும். முதலில் கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு. பிறகு மிச்சமிருக்கும் காம்பைப் பாகத்தோடு ஒட்டி இன்னொரு வெட்டு. காம்பு இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், முதலில் நானூறு நம்பர், அப்புறம் அறுநூறு, கடைசியில் ஆயிரம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். விரலால் தடவினால் எங்கே வெட்டினோம் என்று தெரியக்கூடாது.

காலையும் முதுகுப் பெட்டியையும் செய்யுங்கள். இடது கையை இப்போது தொட வேண்டாம். அண்ணன் பெயிண்ட் அடித்த எதையும் தொட வேண்டாம்.

சங்கவி

*

டெலானிபூர்
21.4.2024

அன்புள்ள சங்கவிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். அத்தைக்கு நல்லெண்ணெய் சூடுபண்ணித் தேய்த்துவிடுகிறாயா? உன் சாப்பாடு தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா?

நீ சொன்னபடி செய்தேன். சொன்னபடி வரவில்லை. முதல் பாகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன், நீ எழுதிய மாதிரியே வெளுத்துப்போனது. ஆறாவது பாகத்தில் கட்டர் வழுக்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. மறுநாள் படகுத்துறையில் கட்டுப்போட்ட விரலோடு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். நீல் தீவுக்குப் போகிற ஒரு பெரியவர், "க்யா ஹுவா, பேட்டி?" என்று கேட்டார். என்ன ஆச்சு மகளே என்று அன்பாகத்தான் கேட்டார். பொம்மை செய்தேன் என்றா சொல்வது? காய் நறுக்கினேன் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முழங்கால் மூடியை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மணி இரண்டு. உலை வைக்கவே இல்லை. இப்படியும் ஒரு மனுஷன் நேரம் போவது தெரியாமல் உட்கார முடியுமா என்று முன்பெல்லாம் எனக்குத் தோன்றும்.

பெயிண்டுக்கு அபர்டீன் பஜாரில் விசாரித்தேன். கதவுக்கு அடிக்கிற எனாமலை எடுத்துக் காட்டுகிறார்கள். அவர் பாட்டில்களில் பாதி காய்ந்துவிட்டது. மூடியில் எல்லாம் அவர் கையெழுத்து: "நீலம் மூன்று, வெள்ளை ஒன்று, கருப்பு இரண்டு சொட்டு." நீ அனுப்ப முடியுமா?

அன்புடன்,
அண்ணி

*

மதுரை
18.5.2024

அண்ணிக்கு,

எங்கள் இருவருக்கும் உடம்பு பரவாயில்லை. உங்கள் விரல் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். புண் ஆறும்வரை தின்னர் படக்கூடாது.

பெயிண்ட், பிரைமர், தின்னர், மூன்று பிரஷ் அனுப்பியிருக்கிறேன். தீப்பிடிக்கும் சாமான் என்று விமானத்தில் எடுக்கமாட்டார்கள். சென்னை போய்க் கப்பலில் வரும். எந்தக் கப்பலில் இடம் கிடைக்கிறதோ அதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும்.

முதலில் பிரைமர். அது காய்ந்த பிறகுதான் நிறம். பெயிண்டைப் பால் பதத்துக்கு நீர்க்க வையுங்கள். ஒரே பூச்சில் மூடிவிட வேண்டும் என்று பார்க்காதீர்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். காயவிட்டு இரண்டாவது, காயவிட்டு மூன்றாவது. பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு பாக்கெட் வாங்கி அதில் பழகுங்கள். இருபது ஸ்பூனாவது வீணாக வேண்டும்.

லேபில் நான் செயற்கைப் பல் செய்யக் கற்றுக்கொண்டபோது முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு பல்லுக்குத்தான் நிறம் கொடுத்தேன். பல் வெள்ளை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உள்ளே மஞ்சள் இருக்கும், நுனியில் சாம்பல் இருக்கும், ஈறோரம் லேசாகச் சிவப்பு. பக்கத்துப் பல்லோடு பொருந்தாவிட்டால் சிரிக்கிறவருக்கு அது தெரிந்துகொண்டே இருக்கும். நான் முதல் பெட்டியை அனுப்பிய புதிதில் இதைச் சொன்னபோது அண்ணன்தான், "அப்ப நீ இந்த ரோபோவுக்கும் அடிக்கலாமே" என்றார்.

ஒன்று கேட்க வேண்டும். அன்று காலை அண்ணன் மேஜையில் என்ன செய்துகொண்டிருந்தார்? எதை எப்படி வைத்துவிட்டுப் போனார்?

சங்கவி

*

டெலானிபூர்
23.6.2024

அன்புள்ள சங்கவிக்கு,

பெட்டி ஜூன் எட்டாம் தேதி வந்து சேர்ந்தது. ஒரு பாட்டில்கூட உடையவில்லை. பழைய துணியெல்லாம் சுற்றி என்ன அழகாகக் கட்டியிருக்கிறாய். அதில் ஒன்று அத்தையின் பச்சைப் புடவை. அதை மடித்து பீரோவில் வைத்துக்கொண்டேன். உனக்கு வேலை அதிகமா? கண்ணுக்கு ஓய்வு கொடு.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி காயவே மாட்டேன் என்கிறது. ஸ்பூன் இருபத்தேழு வீணாகிவிட்டது. ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் பெங்காலி அக்கா, "பாபி, யே க்யா பூஜா ஹை?" என்று கேட்டாள். எந்தச் சாமிக்கு இந்தப் பூஜை என்று நினைத்தாளோ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு அன்று முழுக்க என்னவோபோல் இருந்தது.

காலுக்கும் முதுகுப் பெட்டிக்கும் பூசிவிட்டேன். அவர் நீலமும் என் நீலமும் பக்கத்தில் வைத்தால் வேறுவேறாகத் தெரிகிறது. கணக்கு அவர் எழுதியதுதான். சொட்டு என்பது யார் கைச் சொட்டு என்பதில் இருக்கிறது போல. நாலாவது தடவை கருப்பை ஒன்றரைச் சொட்டாக்கினேன், சேர்ந்துவிட்டது. விளக்கடியில் வைத்துப் பார்த்தேன், வெயிலில் ஒரு நிமிஷம் கிடைத்தபோது அங்கேயும் பார்த்தேன். சேர்ந்துதான் இருக்கிறது.

நீ கேட்டதற்கு: இடது கை மேஜைமேல் இருந்தது. பிரஷ் கழுவாமல் கிடந்தது, காய்ந்து கல்லாகிவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

இனி இடது கையைத் தொடலாமா?

அன்புடன்,
அண்ணி

*

மதுரை
10.7.2024

அண்ணிக்கு,

நலம். அம்மா உங்களை விசாரித்தார்.

பிரஷ் கழுவாமல் அண்ணன் எழுந்து நான் பார்த்ததே இல்லை. ஐந்து வருடம் ஒவ்வொரு ஞாயிறும் போனில் முகம் பார்த்துக்கொண்டு இருவரும் பெயிண்ட் அடித்திருக்கிறோம். கரண்ட் போனாலும் செல்போன் வெளிச்சத்தில் பிரஷ்ஷைக் கழுவி, நுனியை உதட்டால் கூர் பண்ணி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இடது கையைச் செய்யலாம். அவர் விட்ட ஓரத்தை ஆயிரம் நம்பர் தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அதன்மேல் ஏற்றிப் பூசுங்கள். காய்ந்ததும் உடம்பிலும் கைகாலிலும் இருக்கும் பள்ளக் கோடுகளில் நீர்த்த கருப்பைப் பிரஷ் நுனியால் தொட்டு வையுங்கள், தானே ஓடிப் பரவும். வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, இந்தக் கடிதத்தோடு பெட்டியில் அனுப்பியிருக்கும் மாட் ஸ்ப்ரேயை அடிக்க வேண்டும். டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, லேசாக இரண்டு தடவை. பளபளப்பு அடங்கி, அவர் பூசியதும் நீங்கள் பூசியதும் ஒரே ஆள் கையாகத் தெரியும்.

சங்கவி

*

டெலானிபூர்
11.8.2024

சங்கவி,

அத்தை எப்படி இருக்கிறார், நீ எப்படி இருக்கிறாய். 

எல்லாம் கெட்டுப்போய்விட்டது.

இடது கையை முடித்தேன். ஓரம் எங்கே என்று எனக்கே தெரியாதபடி முடித்தேன். கோடெல்லாம் போட்டேன். மாட்டி நிறுத்தியபோது ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேற்று மதியம் வராண்டாவில் வைத்து நீ எழுதியபடி ஸ்ப்ரே அடித்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாகப் பூத்துவிட்டது. விபூதியைக் கரைத்து ஊற்றியதுபோல. துடைத்தால் போகவில்லை. நான் பூசியது போனால் போகட்டும். அவர் பூசியதும் போய்விட்டது. அவர் தலை, அவர் நெஞ்சு, எல்லாம்.

எனக்கு இது வேண்டியதுதான். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று அவர் கடலுக்குப் போக ஆசைப்படவில்லை. விடியற்காலையிலேயே எழுந்து இடது கையோடு உட்கார்ந்துவிட்டார். அழகர்சாமி அண்ணன் கீழேயிருந்து கூப்பிட்டார். இவர், "நீங்க போயிட்டு வாங்கண்ணே" என்றார். எனக்கு எங்கிருந்து அப்படி வந்ததோ. "ஞாயித்துக்கிழமையானா இந்தப் பொம்மையும் உங்க தங்கச்சியும்தான் உங்களுக்கு. இந்த வீட்ல நான் ஒருத்தி இருக்கறது தெரியுதா? நாலு மனுஷங்களோட வெளிய போய்ப் பழகுங்க" என்று கத்தினேன். அவர், "இந்தக் கைய மட்டும் முடிச்சுக்கறேன், நளினி" என்றார். நான் பிரஷ்ஷைப் பிடுங்கி மேஜைமேல் போட்டேன். பிடுங்கினேன், சங்கவி. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதனால்தான் பிரஷ் கழுவாமல் கிடந்தது.

உங்கள் இருவர் சிரிப்பும் அந்த அறையிலிருந்து கேட்கும்போது எனக்கு ஆகாது. அதையும் எழுதிவிடுகிறேன். இனி உனக்குத் தெரியாதது என்னிடம் எதுவும் இல்லை.

நளினி

*

டெலானிபூர்
22.9.2024

அன்புள்ள சங்கவிக்கு,

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போன கடிதம் எழுதி ஆறு வாரம் ஆகிறது. கிடைத்ததா என்று தெரியவில்லை. அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அதுவல்ல காரணம் என்று எனக்கே தெரிகிறது.

ரோபோவை எடுத்து உள்ளே வைக்கவில்லை. வெள்ளையாகவே நிற்கிறது.

திட்டியாவது எழுது.

அண்ணி

*

மதுரை
13.10.2024

அண்ணி,

அம்மா நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் சரியில்லை. உடம்பில் ஒன்றும் இல்லை. உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் சொன்னது எனக்கு முன்பே தெரியும்.

ஜனவரி இருபத்தொன்று, காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அண்ணன் எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தபோது எட்டு மணி. அப்படியே எழுதுகிறேன். "உன் அண்ணி பிரஷ்ஷைப் பிடுங்கிட்டா. மீன் பிடிக்கப் போறேன். சொன்னதும் சரிதான், இன்னைக்கு வஞ்சிரத்தோட வந்து சமாதானம் பண்றேன். நீ உன்னுதை முடி, நான் நாளைக்குக் கைய முடிக்கிறேன்." கடைசியில் மூன்று சிரிக்கும் முகம் போட்டிருந்தார். நான் பதில்கூட அனுப்பவில்லை. சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதனால்தான் உங்கள் போனை எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் என்ன பேசுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் கடிதம் எழுதியதும், நீங்களாகச் சொல்கிறீர்களா பார்க்கலாம் என்று இருந்தேன். மேஜையில் என்ன இருந்தது என்று கேட்டது பெயிண்டுக்காக இல்லை. நீங்கள் "வேறு ஒன்றும் இல்லை" என்று எழுதியதும் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

அடுத்த கடிதத்தோடுதான் மாட் ஸ்ப்ரே அனுப்பினேன். மழை நாளில் அதை அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிடும். இது பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது. அண்ணன் ஜூன் முதல் நவம்பர்வரை ஸ்ப்ரே டப்பாவைத் தொடவேமாட்டார். எனக்கு அது தெரியும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். மறந்தேனா, வேண்டுமென்று விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை அண்ணி. மறக்கிற ஆள் இல்லை நான்.

பெயிண்ட் கெட்டதைச் சரிசெய்யலாம். ஈரமில்லாத நாளில் பளபளப்பு ஸ்ப்ரேயை மெல்லிசாக மேலே அடித்தால் வெள்ளை பெரும்பாலும் மறைந்துவிடும். அதன்மேல் மாட் அடிக்கலாம். இரண்டு டப்பாவும் அனுப்பியிருக்கிறேன். டிசம்பர் கடைசிவரை பொறுங்கள். காலை பத்து மணிக்கு மேல், வெயிலில் டப்பாவைக் கொஞ்சம் வைத்து எடுத்து அடியுங்கள்.

இன்னொன்றைச் சரிசெய்ய எனக்குத் தெரியவில்லை. அண்ணன் கோபத்தோடு போகவில்லை. சிரித்துக்கொண்டேதான் போயிருக்கிறார். உங்களுக்குச் சேர வேண்டியதை ஒன்பது மாதம் நான் என் போனிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் காட்டவில்லை. காட்டினால் உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான் முடிக்க வேண்டிய ரோபோ என் மேஜையில் அப்படியே கிடக்கிறது. என்னால் இனி முடியாது.

சங்கவி

*

டெலானிபூர்
24.1.2025

அன்புள்ள சங்கவிக்கு,

நீயும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

இவ்வளவு நாள் பதில் எழுதாதது உன்னைத் தண்டிக்க இல்லை. முதல் சில நாள் அப்படித்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கார்பின்ஸ் கோவ் வரைக்கும் பஸ்ஸில் போய், கடலைப் பார்த்துக்கொண்டு உன்னை என்னென்னவோ திட்டினேன். வீட்டுப் படியில் இறங்கிப் போகும்போது அவர் முதுகைத்தான் நான் பார்த்தேன். ஒன்பது மாதமாக அந்த முதுகை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். முகம் சிரித்துக்கொண்டிருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை என்னால் இன்னும் முழுசாக மன்னிக்க முடியவில்லை. நீயும் என்னை மன்னித்திருக்கமாட்டாய். இருந்தாலும் அவரைப் பற்றிப் பேச எனக்கு உன்னைவிட்டால் வேறு யாரும் இல்லை.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி நல்ல வெயில். நீ சொன்னபடி செய்தேன். அடிக்க அடிக்க உள்ளிருந்து நீலம் எழுந்து வந்தது. முதலில் வலது கை, பிறகு நெஞ்சு. நான் நின்றபடியே அழுதேன். முழுவதும் போகவில்லை. கழுத்துக்குக் கீழே பள்ளக் கோடுகளில் வெள்ளை தங்கிவிட்டது. அது போகாது என்றுதான் நினைக்கிறேன். போட்டோ வைத்திருக்கிறேன், நீயே பார். எது அவர் கை, எது என் கை என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

போன வாரம் உன் அண்ணன் வேலை பார்த்த ஆபீஸிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒரு வருஷம் ஆகப்போகிறது, காணாமல் போனவர் என்று குடும்பத்திலிருந்து எழுதிக்கொடுக்க வேண்டும், இனியும் தள்ள முடியாது என்றார்கள். செக்ஷனில் கிருஷ்ணமூர்த்தி சார் இருந்தார், நம் ஆள்தான், தஞ்சாவூர்ப் பக்கம். நாற்காலி போட்டு உட்காரவைத்துப் படிவத்தை மெதுவாகப் படித்துச் சொன்னார். எனக்குக் கோபமே வரவில்லை. பேர் எழுதினேன், பதவி எழுதினேன், உடம்பு அடையாளம் எழுதினேன். அப்புறம் ஒரு இடம் வந்தது. குடும்பத்தினர் அவரைக் கடைசியாக எப்போது, எங்கே, எந்த நிலையில் பார்த்தனர் என்று.

நான் இப்படி எழுதினேன். "21.1.2024 காலை ஐந்தே முக்கால் மணிக்கு எங்கள் வீட்டில் பார்த்தேன். ரோபோவின் இடது கைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போக விருப்பமில்லை என்றார். நான் பிரஷ்ஷைப் பிடுங்கிப் போகச் சொன்னேன். போனார். போகும் வழியில் தங்கைக்குச் சிரித்தபடி செய்தி அனுப்பியிருக்கிறார்."

கிருஷ்ணமூர்த்தி சார் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பிறகு, "இவ்வளவு வேண்டாம்மா. தேதி, நேரம், இடம் போதும். மத்தத அடிச்சிடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார். நடந்தது அதுதான்" என்றேன்.

"மேல இருக்கறவங்க ஏதாவது கேட்டா?"

"கேட்டா நான் வந்து சொல்றேன்."

அவர் ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்துக் குத்தினார்.  தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நேராகப் படகுத்துறைக்குப் போய், மதிய டியூட்டிக்கு உட்கார்ந்துவிட்டேன்.

படிவத்தின் ஜெராக்ஸ் ஒன்று இதோடு இருக்கிறது. அத்தைக்குப் படித்துக் காட்டு. அத்தை என்ன சொன்னாலும் பரவாயில்லை, எனக்கு எழுது. என்மேல் இரக்கப்பட்டு எந்த வரியையும் தாண்டிப் போகாதே. முழுவதையும் படி.

உன் அண்ணி,
நளினி